கடைப் பலகையிலிருந்து ஒரு நெடுவில்

வில் செய்ய எந்த மரம் சிறந்தது என்ற கேள்விக்கு இங்கிலாந்து பல நூற்றாண்டுகளாக ஒரே விடையைத்தான் சொல்லிவந்தது: யூ மரம். 1545 ஜூலையில் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அந்த அகழாய்வில் கிடைத்த 172 நெடுவிற்களும் யூ மரத்தில் செய்தவை, 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை நீளமானவை. கப்பல் மூழ்கிய அதே ஆண்டில் ரோஜர் ஆஸ்கம் வெளியிட்ட ‘டாக்ஸாஃபிலஸ்’ என்ற வில்வித்தை நூல் எல்ம், ஆஷ் போன்ற மரங்களை இரண்டாந்தரமாகவே மதித்தது. உள்நாட்டு யூ போதாமல் போனபோது 1472இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். வெனிஸ் முதலான வணிக நகரங்களிலிருந்து வரும் சரக்கு ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்தடிகள் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரு நாட்டின் படைபலமே ஒரு மரத்தின் வரத்தைச் சார்ந்திருந்த காலம் அது.

இவ்வளவு கனமான சான்றுகளுக்கு எதிரே ஒரு சாதாரணப் பலகையை நிறுத்திப் பார்க்கலாம். அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு மரம் விற்கும் கடைகளில் சிவப்பு ஓக் பலகை எளிதாகக் கிடைக்கும். படிக்கட்டுக்கும் அலமாரிக்கும் தளத்துக்கும் வாங்கிப்போவார்கள். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிம் பேக்கர் போன்ற வில் செய்வோர் சிலர் அந்தப் பலகையில் வில் செய்து, எடை போட்டு, அம்பின் வேகத்தை அளந்து பார்த்தார்கள். 1992இல் முதல் தொகுதி வெளிவந்த ‘டிரெடிஷனல் போயர்ஸ் பைபிள்’ என்ற நூல்வரிசை இத்தகைய சோதனைகளைப் பரவலாக்கியது. வில்லின் தரத்தை மரத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை என்பதே அவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு. கையிலிருக்கும் மரம் எவ்வளவு திரிபை, அதாவது தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்வதையோ குறுகுவதையோ, தாங்கும் என்று அறிந்து, அதற்கேற்ற அகலமும் தடிமனும் கொடுத்தால், போர்வில்லின் வலு தேவைப்படாத இடங்களில் சிவப்பு ஓக் பலகை நல்ல வில்லாகும். இதை நம்பிக்கையாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

வில்லை ஏந்தி நிற்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் அதன் முதுகு, எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. கைப்பிடிக்கு மேலும் கீழும் நீளும் இரு பாதிகளைக் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். நாணை இழுத்ததும் முதுகிலுள்ள நார்கள் நீள்கின்றன, வயிற்றிலுள்ளவை குறுகுகின்றன, இடையில் ஓர் அடுக்கு நீளாமலும் குறுகாமலும் நிற்கிறது. அந்த நடு அடுக்கை விட்டு விலக விலக நாரின் திரிபு கூடுகிறது. கிளையின் தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் மேற்பரப்பின் திரிபு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தடிமனை இருமடங்காக்கினால், அதே வளைவுக்கு மேற்பரப்பு இருமடங்கு நீண்டாக வேண்டும். அகலத்தை இருமடங்காக்கினாலோ திரிபு துளியும் மாறாது. பலகை வில்லின் முழு ரகசியமும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. கிளையின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது; தடிமனைப் பொறுத்தோ அதன் மும்மடியில் கூடுகிறது. ஆற்றலும் மேற்பரப்பை ஒட்டியே சேர்கிறது: செவ்வக வெட்டுமுகமுள்ள கிளையில், முதுகோரத்துக் கால்பங்குத் தடிமனும் வயிற்றோரத்துக் கால்பங்குத் தடிமனும் சேர்ந்து மொத்த ஆற்றலில் 8இல் 7 பங்கை வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் பாதி மரம், இந்த இரண்டு ஓரங்களையும் விலக்கி நிறுத்துவதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

இனி இரு மரங்களையும் எண்களால் ஒப்பிடுவோம். விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் 1910இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம், மரங்களின் வலிமையைச் சோதித்துக் கையேடாகத் தொகுத்திருக்கிறது. அதன்படி சிவப்பு ஓக்கின் வளைமுறிவு வலிமை 99 மெகாபாஸ்கல், விறைப்பைக் காட்டும் யங் குணகம் 12.5 ஜிகாபாஸ்கல். ஐரோப்பிய யூவுக்கு நெருங்கிய உறவான பசிபிக் யூவுக்கு முறையே 105 மெகாபாஸ்கல், 9.3 ஜிகாபாஸ்கல். வலிமையில் இரண்டும் ஏறக்குறைய சமம். விறைப்பில்தான் பிரிகின்றன. முறிவு வலிமையை யங் குணகத்தால் வகுத்தால், மரம் எவ்வளவு திரிபு வரை போகும் என்பதற்கு ஒரு தோராய அளவு கிடைக்கும்: யூவுக்கு 1.13 விழுக்காடு, சிவப்பு ஓக்குக்கு 0.79 விழுக்காடு. அதாவது யூ நெகிழ்ந்து கொடுக்கும் தூரத்தில் ஓக் 10க்கு 7 பங்குதான் போகும். அதனால் ஓக் கிளை யூ கிளையின் தடிமனில் 10க்கு 7 பங்குதான் இருக்க வேண்டும். தடிமன் குறைந்ததால் இழந்த விறைப்பை அகலத்தால் மீட்க வேண்டும்; கணக்குப் போட்டால் அகலம் 2.2 மடங்குக்குச் சற்றே குறைவாக வருகிறது. இரு மரங்களின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், ஓக் கிளையின் எடை யூ கிளையைப் போல் ஒன்றரை மடங்கு. ஓக்கின் குறை என்று சொல்ல வேண்டியது இந்த ஒன்றரை மடங்கு எடை மட்டுமே. அதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை.

அகலத்தைக் கூட்டுவது சரி, எங்கே கூட்டுவது? நாண் கிளையின் நுனியில் கட்டப்பட்டிருப்பதால் வளைக்கும் திருப்புத்திறன் நுனியில் சுழி. கைப்பிடியை நோக்கி வர வர ஏறத்தாழ ஒரே சீராகக் கூடுகிறது. கிளையின் தடிமனை முழு நீளத்துக்கும் ஒன்றாக வைத்து, அகலத்தை மட்டும் கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி நேர்கோட்டில் ஒடுக்கிக்கொண்டே போனால், சுமை கூடும் அதே அளவில் மரமும் கூடுகிறது. கிளை வட்டத்தின் ஒரு துண்டுபோல வளையும். எந்த இடமும் மற்ற இடத்தைவிட அதிகமாக உழைக்காது. லாரியின் சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் பட்டைகளும் இதே முக்கோணத்தை நீளவாக்கில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த வடிவம்தான். அமெரிக்க வில் செய்வோர் இதைப் பிரமிட் வில் என்கிறார்கள். ஒரு மாதிரிக்கு அளவுகள்: வில்லின் நீளம் 173 செ.மீ.; நடுவில் வளையாத கைப்பிடிப் பகுதி 20 செ.மீ.; வளையும் கிளை ஒவ்வொன்றும் சுமார் 76 செ.மீ.; கிளை தொடங்குமிடத்தில் அகலம் 5 செ.மீ.; தடிமன் 12 மி.மீ. நாணை 71 செ.மீ. இழுக்கும்போது கிளை வளையும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 75 செ.மீ. தடிமனில் பாதியான 6 மி.மீட்டரை 750ஆல் வகுத்தால் திரிபு 0.8 விழுக்காடு. ஓக்கின் எல்லையை இது சரியாகத் தொட்டு நிற்கிறது. இழுவிசையோ 40 பவுண்டை, அதாவது 18 கிலோவை, ஒட்டி வருகிறது. இதைவிட வலிய வில் வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டக் கூடாது. தடிமனை 15 மி.மீ. ஆக்கினால் திரிபு 1 விழுக்காட்டுக்குப் போய்விடும். பலகை நொறுங்கும், அல்லது நிரந்தரமாக வளைந்துவிடும். கூட்ட வேண்டியது அகலத்தை.

இந்த இடத்தில் வில்லறிந்தவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். ஒன்றரை மடங்கு எடையுள்ள கிளை மெதுவாகத்தானே திரும்பும், அம்பின் வேகம் குறையாதா? நியாயமான கேள்வி. விட்ட நாண் அம்பை மட்டும் தள்ளுவதில்லை. கிளைகளையும் முன்னே தள்ளுகிறது. அதில் போகும் ஆற்றல் அம்புக்குச் சேராது. ஆனால் கிளையின் எல்லா இடமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. வட்டமாக வளையும் கிளையில் ஒரு புள்ளி நகரும் தூரம், கைப்பிடியிலிருந்து அது இருக்கும் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. கிளையின் நடுப்புள்ளி, நுனி நகரும் தூரத்தில் கால் பங்குதான் நகரும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் மாறுவதால், நடுவிலுள்ள ஒரு கிராம் நுனியிலுள்ள ஒரு கிராமின் 16இல் ஒரு பங்கு ஆற்றலையே விழுங்கும். முக்கோணமாக ஒடுங்கும் கிளையை முழுவதுமாகக் கூட்டிப் பார்த்தால், அதன் மொத்த எடையில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு மட்டும் நுனியில் இருப்பதாகக் கொள்ளலாம். ஓக்கின் கூடுதல் எடை கைப்பிடி அருகே, அசைவு குறைந்த இடத்தில்தான் குவிகிறது. நுனியைக் கைவிரல் பருமனுக்கு ஒல்லியாக்கிவிட்டால் அந்த இழப்பு பொறுத்துக்கொள்ளக் கூடியதே.

இது வெறும் தாள் கணக்கும் அல்ல. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் வில்லின் இயக்கத்தை அளந்து, அதன் இயங்கியலைப் பற்றி 1937இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஃபாரஸ்ட் நாக்லர், பால் குளோப்ஸ்டெக் ஆகியோருடன் அவர் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1947இல் நூலாகவும் வந்தன. முதுகு தட்டையாகவும் வயிறு உருண்டும் இருக்கும் ஆங்கில நெடுவில்லின் வெட்டுமுகத்தைவிடத் தட்டையான செவ்வக வெட்டுமுகம் மேலானது என்று அவர்கள் கண்டார்கள். உருண்ட வயிற்றில் உச்சியிலுள்ள குறுகிய கீற்று ஒன்றே மிக அதிகமான அமுக்கத்தை ஏற்கிறது. தட்டையான வயிற்றிலோ அந்தச் சுமையை முழு அகலமும் பகிர்ந்துகொள்கிறது. அமெரிக்கத் தட்டை வில் பரவியது இந்த ஆய்வுகளை ஒட்டித்தான்.

அப்படியானால் இங்கிலாந்துக்காரர்கள் அறியாமையால்தான் யூவைத் தேடி ஐரோப்பா முழுவதும் அலைந்தார்களா? இல்லை. அவர்களுடைய தேவை வேறு. மேரி ரோஸ் விற்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் 3 செ.மீட்டருக்கும் மேல் தடித்த, கைப்பிடிகூட விறைக்காமல் முழுதாக வளையும் குறுகிய தடி அது. அவ்வளவு தடித்த மரம் ஒரு விழுக்காட்டைத் தாண்டித் திரிபடைந்தும் மீள வேண்டும். யூவால் அது முடியும், ஓக்கால் முடியாது. படைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியபோது, ஒரு மரத்தைப் பிளந்து நிறைய ஒல்லித் தடிகளை எடுக்க முடிவதும் பெரிய வசதி. ஆகவே கனமான போர்வில்லுக்கு யூவின் மேன்மையை நான் மறுக்கவில்லை. ஆஸ்கமின் தீர்ப்பை மட்டும்தான் மறுக்கிறேன். எல்மையும் ஆஷையும் யூவுக்கென்று அமைந்த ஒல்லி வடிவத்தில் செதுக்கினால் அவை தோற்பது உறுதி. அதை வைத்து மரத்தையே தாழ்த்துவது சரியான சோதனை ஆகாது. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944இல் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான விற்கள் எல்ம் மரத்தில் செய்தவை. கிளைகள் அகலமாகவும் தட்டையாகவும், கைப்பிடி குறுகலாகவும் இருக்கின்றன. இங்கிலாந்திலேயே, சாமர்செட்டின் மீர் ஹீத் சதுப்பில் 1961இல் கிடைத்த வில் 4,600 ஆண்டுகளுக்கும் முந்தையது. அது யூ மரம். ஆனாலும் அகலத் தட்டை வடிவம். நெடுவில் என்றாலே ஒல்லித் தடிதான் என்ற எண்ணம் இடைக்காலத்தில் வந்தது. அதற்கு முன்பே வேறு வழி தெரிந்தவர்கள் அதே மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு தடை, எனக்குத் தெரிந்தவற்றில் மிக வலுவானது, பலகையைப் பற்றியது. மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு நாரோடு ஓடும். வில்லின் முதுகை ஒரே ஆண்டு வளையத்தில், நார் அறுபடாமல் அமைக்கலாம். ரம்பத்துக்கு நார் தெரியாது, நேர்கோடுதான் தெரியும். மரத்தின் நார் கோணலாக ஓடினால் ரம்பம் அதை அறுத்துக்கொண்டே போகும். அறுபட்ட நார் முதுகில் வெளியே வந்து முடியுமிடத்தில்தான் வில் பிளந்து எழும்பும். இது உண்மை; மாடிசன் ஆய்வகத்தின் எண்களே சாட்சி. நார் 20க்கு 1 என்ற சரிவில் ஓடினால் வளைமுறிவு வலிமை 93 விழுக்காடாகக் குறைகிறது. 10க்கு 1 என்றால் 81. 5க்கு 1 என்றால் 55 மட்டுமே. ஆனால் அதே எண்களை மறுபக்கமிருந்து படித்துப் பாருங்கள். நார் பலகையின் விளிம்போடு இணையாக ஓடும் பலகையில் இழப்பே இல்லை. பலகை கெட்டது என்று இதற்குப் பொருளில்லை, பொறுக்காமல் எடுத்த பலகை கெட்டது. கடையில் நூறு பலகை அடுக்கியிருந்தால் அவற்றில் வில்லாகக் கூடியவை சிலவாகத்தான் இருக்கும். அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிப்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது.

சிவப்பு ஓக்கில் இந்தத் தேடல் எளிது, ஏனென்றால் அதன் நார் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு ஆண்டும் வளர்ச்சி தொடங்கும்போது உருவாகும் முன்பருவக் கட்டையில் பெரிய நீர்க்குழாய்கள் வரிசையாக நிற்கும். பின்னர் உருவாகும் கட்டை நெருக்கமாக, கனமாக இருக்கும். அறுத்த பலகையில் அந்தக் குழாய்கள் சிறு கோடுகளாகத் தெரியும். ஒரு முனையில் தொடங்கும் ரேகை மறுமுனை வரை விளிம்பைத் தொடாமல் ஓடுகிறதா என்று முகத்திலும் பக்கத்திலும் பார்க்க வேண்டும். முகத்தில் நேராக ஓடும் ரேகை பக்கவாட்டில் சரிந்திருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கணு இருந்தால் தள்ளிவிட வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் கனமானதை எடுப்பது நல்லது. இந்த வகை மரங்களில் வளையம் அகலமாக இருந்தால் கனமான பின்பருவக் கட்டை அதிகம் என்று பொருள். ரேகையில் சிறிது ஐயம் இருந்தால் முதுகில் லினன் துணியையோ பதப்படுத்தாத தோலையோ ஒட்டுவார்கள். பிளவு கிளம்பாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். கோணல் பலகையை அது நேராக்கிவிடாது.

சூளையில் உலர்த்திய மரம் வில்லுக்கு ஆகாது என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. முறையாக உலர்த்திய மரத்தில் வலிமை இழப்பு சிறிதே. ஈரப்பதம் எவ்வளவு என்பதே முக்கியம். மரத்தின் ஈரம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் அமுக்கத்தைத் தாங்கும் வலிமை சுமார் 6 விழுக்காடும், வளைமுறிவு வலிமை 4 விழுக்காடும், விறைப்பு 2 விழுக்காடும் குறைகின்றன. முதலில் அடிபடுவது வயிறு. மரம் பொதுவாகவே இழுப்பைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. ஈர மரத்தின் வயிற்று நார்கள் நசுங்கி மீளாமல் நின்றுவிட, நாணைக் கழற்றிய பிறகும் வில் கூனியே கிடக்கும். அப்படிக் கூனிய வில்லில் இழுப்பின் தொடக்கத்தில் விசை குறைவு, அதனால் சேமிக்கும் ஆற்றலும் குறைவு. மிகவும் காய்ந்த மரமோ சட்டென்று முறியும். 8 முதல் 10 விழுக்காடு ஈரம் இத்தகைய மரங்களுக்கு ஏற்றது. உட்புறத்தில் வைத்து உலர்த்திய பலகை ஏற்கெனவே அந்த அளவை ஒட்டியே இருக்கும்.

பொறுமையைக் கேட்கும் வேலை வளைவைச் சமப்படுத்துவது. விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்றேன்; அதன்படி 12 மி.மீ. கிளையில் ஓரிடத்தில் அரை மி.மீ. மட்டும் சுரண்டினால் அந்த இடத்தின் விறைப்பு 12 விழுக்காடு இறங்கிவிடும். அதனால்தான் தொடக்கத்தில் இழைப்புளியும் முரட்டு அரமும் வைத்துச் செய்யும் வேலை, இறுதியில் கத்தி விளிம்பால் சுரண்டும் வேலையாக மாறுகிறது. வில்லை ஒரு கட்டையில் நிறுத்தி நாணைச் சிறிதளவு இழுத்து, இரு கிளைகளும் ஒரே வட்டமாக வளைகின்றனவா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். தட்டையாக நிற்கும் இடம் விறைப்பானது, அங்கே வயிற்றுப் பக்கத்தில் சுரண்ட வேண்டும். கூர்ந்து மடியும் இடம் பலவீனமானது, அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் பல தடவை மெல்ல இழுத்துவிட்டால்தான் மாற்றம் வெளிப்படும். முடிவில் எந்த இழுவிசையை விரும்புகிறோமோ அதற்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. முதுகில் கருவி படவே கூடாது. அதன் விளிம்புகளை மட்டும் மழுக்கிவிட வேண்டும். எடுத்த மரத்தை மீண்டும் வைக்க முடியாது என்பதால் இந்த வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை.

கண்ணாடியிழை விற்கள் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். கண்ணாடியிழை மரத்தைவிட அதிகத் திரிபைத் தாங்கும். போட்டிக்கு அதுவே ஏற்றது. ஆனால் திரிபு, விறைப்பு, ஆற்றல், நார்த் திசை, ஈரம் ஆகிய ஐந்தையும் ஒரே பொருளில் கையால் உணர்த்த, பொறியியல் படிப்பவருக்கு இவ்வளவு மலிவான ஆய்வுக்கருவி வேறொன்றை நான் அறியேன். செய்து பார்க்க முனைபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 40 பவுண்டு வில் முழு இழுப்பில் 40 ஜூலுக்கும் சற்று அதிகமான ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. அம்பு இருந்தால் அதில் பாதிக்கு மேல் அம்போடு போய்விடும். அம்பு இல்லாமல் நாணை விட்டால் அவ்வளவும் கிளைகளுக்கும் நாணுக்கும் திரும்பும், நன்றாகச் செய்த வில்லும் அதில் உடையலாம். அம்பு பூட்டாமல் நாணை ஒருபோதும் இழுத்து விடாதீர்கள்.